புல்மோட்டையில் என் கையெழுத்து

கொழும்பிலிருக்கும் எங்கள் மகள் அனுப்பிய அந்தச் சின்னப் பிரின்டர் வந்த அன்று அதை முதலில் கையில் எடுத்தவர் என் கணவர். சீனன்குடாவில் ஒரு வாயிற்கதவில் காவல் வேலை பார்ப்பவர் அவர். வருகிறவர்களின் அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பதும், பையைத் திறக்கச் சொல்வதும், வாகனத்துக்கு அடியில் கண்ணாடி பிடிப்பதும் அவருடைய தொழில். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓய்வதில்லை. சவர்க்காரப் பெட்டி அளவில் இருந்த அந்த வெள்ளைப் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மை எங்கே ஊற்றுவது என்று கேட்டார். மை தேவையில்லையாம், சூட்டில் எழுத்து வருமாம் என்று மகள் சொன்னதைச் சொன்னேன். மை இல்லாமல் எழுதும் எதையும் நம்ப அவர் தயாராக இல்லை.

அதைப் போனோடு இணைக்க ஒரு செயலியை இறக்க வேண்டியிருந்தது. இறக்கியதும் அது ஒவ்வொன்றாக அனுமதி கேட்கத் தொடங்கியது. படங்களைப் பார்க்கலாமா, கமராவைத் திறக்கலாமா, பக்கத்தில் இருக்கும் கருவிகளைத் தேடலாமா, நாங்கள் இருக்கும் இடத்தை அறியலாமா. கடைசிக் கேள்வி வந்தபோது அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“பக்கற்றில லேபல் ஒட்டுறதுக்கு, நாங்கள் எங்க நிக்கிறம் எண்டு அதுக்கு என்னத்துக்கு?”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வயதில் இந்தப் பட்டினத்தில் வாழ்ந்தவர்களுக்கு, எங்கே போகிறாய், எங்கிருந்து வருகிறாய், யார் வீட்டில் தங்குகிறாய் என்ற கேள்விகள் பழகிப்போனவை. பழகிப்போனது என்பதற்காக அவற்றை விரும்பத் தொடங்கிவிட்டோம் என்றில்லை. மகளிடம் கேட்டேன். அனுமதி கொடுக்காவிட்டால் பிரின்டர் வேலை செய்யாது, எல்லாச் செயலியும் இப்படித்தான் என்றாள். கொடுத்தேன். அன்று முழுக்க அந்தப் போனை ஏதோ விருந்தாளியை வைத்ததுபோல முன்னறையிலேயே வைத்திருந்தேன். அதற்கு முன்னால் குடும்பக் கதை எதுவும் கதைக்கவில்லை.

லேபல் தேவைப்பட்டது மச்சாளின் கறித்தூளுக்கு. மச்சாள் என் கணவரின் அக்கா. உட்துறைமுக வீதிக்குப் பின்னால், எங்கள் ஒழுங்கையின் தலைப்பில் தனியாக இருக்கிறார். அவர் மல்லியும் செத்தல் மிளகாயும் வறுக்கும் நாளில் ஒழுங்கையால் போகிறவர்கள் தும்மிக்கொண்டே போவார்கள். தெரிந்தவர்கள் சொல்லிவைத்து வாங்குவார்கள். நான் ஒரு கந்தோரில் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், சும்மா இருக்கப் பழகாதவள். அவருடைய தூளைப் பக்கற்றில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுப்போம் என்று நான்தான் தொடக்கினேன். வறுப்பதும் மில்லில் அரைப்பிப்பதும் அவர் பங்கு. லேபலும் கடைகளும் என் பங்கு. சேர்மானமும் திகதியும் தொடர்பு இலக்கமும் போட்ட லேபல் இல்லாமல் எடுக்க ஏலாது என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அச்சகத்திலோ, பெருந்தொகையாக அடித்தால்தான் கட்டுப்படியாகும் என்றார்கள். அதனால்தான் மகள் அந்தப் பிரின்டரை அனுப்பினாள்.

செயலியில் தமிழ் இருந்தது. ஆனால் ஸ்டிக்கரில் வரும்போது புள்ளிகள் நகர்ந்து பக்கத்து எழுத்தின் தலையில் ஏறின. ‘தூ’வின் வால் கழன்று தனியாகக் கிடந்தது. வாழ்நாள் முழுக்கத் தட்டச்சில் பிழை பார்த்தவளுக்கு அதைக் கடைக்கு அனுப்ப மனம் வரவில்லை. விரலால் வரைவதற்கு என்று அதில் ஓர் இடம் இருந்தது. அங்கே ‘கறித்தூள்’ என்று என் கையாலேயே எழுதினேன். என் றகரத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசிக் கால் கோட்டுக்குக் கீழே இறங்கியதும், இடப்பக்கம் வளையாமல் வலப்பக்கம் சுழித்துக்கொண்டு போகும். பள்ளிக்கூடத்திலேயே அதற்காக அடி வாங்கியிருக்கிறேன். கீழே ‘முறைப்பாடுகளுக்கு’ என்று எழுதி, என் போன் இலக்கத்தையும் விரலாலேயே போட்டேன். சேர்மானத்தையும் எங்கள் இருவரின் முதலெழுத்துகளையும் மட்டும் ஆங்கிலத்தில் தட்டினேன்.

மேலே ஒரு படம் வேண்டும் என்று மச்சாள் சொன்னார். கோட்டைப் பக்கத்து மான்களில் ஒன்று அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கை வரை வந்து மரக்கறித் தோல் தின்னும். ஒரு பக்கக் கொம்பு முறிந்தது. அதைப் பார்த்துப் பார்த்து விரலால் வரைந்தேன். ஆடு என்று சிலர் சொன்னாலும், முறிந்த கொம்பு அதை மானாக்கிவிட்டது. சில கிழமைகளில் கடைகளில் எங்கள் தூளுக்கு ‘மான் தூள்’ என்றே பேர் விழுந்தது.

பக்கற் அடைப்பது மச்சாள் வீட்டில் என்பதால் பிரின்டரும் அங்கேயே நின்றது. மகள் சொல்லித்தந்தபடி அவருடைய போனிலும் செயலியைப் போட்டோம். ஒரே கணக்கில் இரண்டு பேரும் நுழையலாம். திகதியை மாற்றவும், புதிதாகச் சேமிக்கவும், அச்சடிக்கவும் மச்சாள் விரைவாகப் பழகிக்கொண்டார். ஒவ்வொரு தரமும் அது ஆங்கிலத்தில் ஏதேதோ கேட்கும். பச்சைப் பொத்தானை அழுத்தினால் வழிவிடும். நாங்கள் இருவரும் பச்சையை அழுத்தினோம்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. தெரியாத பெண்ணின் குரல்.

“மான் தூள் செய்யிற ஆக்களா? வெந்தயம் கூடிப்போச்சு. மீன் ஆணம் கைச்சு, புள்ளைகள் வாயிலயே வைக்கல்ல.”

மன்னிப்புக் கேட்டுவிட்டு, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். புல்மோட்டையில் என்றார். நான் தூள் கொடுப்பது நிலாவெளி வரைக்கும்தான். அதற்கு அங்காலே ஒரு கடையும் எனக்குத் தெரியாது. அதைவிட, மச்சாளுக்கு வெந்தயம் என்றாலே பிடிக்காது. நகத்தால் கிள்ளிய அளவுதான் தூளில் சேர்ப்பார்.

போனை வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தேன். மச்சாளின் மகள் குச்சவெளியில் கலியாணம் முடித்து இருக்கிறாள். மச்சாள் மாதம் ஒருக்கா அங்கே போவார். குச்சவெளிக்குப் போகும் பஸ்தான் புல்மோட்டைக்கும் போகிறது. போகும்போது இரண்டு கையிலும் பை. பேரப்பிள்ளைகளுக்குப் பலகாரம் என்று நான் நினைத்திருந்த பைகள். ஸ்டிக்கர் றோலும் நான் எதிர்பார்த்ததைவிடக் கெதியாக முடிந்துகொண்டிருந்தது. தாள் சிக்குப்பட்டு வீணாகிறது என்று அவர் சொன்னதை நான் நம்பியிருந்தேன். சந்தேகம் வந்தபின் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டு வந்தன. மட்டமான தூள் ஒன்றை வேறு யாரையோ கொண்டு செய்வித்து, எங்கள் லேபலை ஒட்டி மகள் மூலமாக விற்கிறார். இதுதான் என் முடிவு.

கணவரிடம் சொன்னேன். தன் அக்காவுக்காக அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, அக்கா என்றாலும் பையைத் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார். கேட்டுவிட்டால் ஒளித்துவிடுவார்கள், முதலில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய தொழில் முறை.

நான் பார்க்கத் தொடங்கினேன். அடுத்த நாட்களில் மச்சாள் வீட்டுக்குப் போனபோது, மேசையில் திறந்து கிடக்கும் ஸ்டிக்கர் றோலைக் காணவில்லை. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். திறப்பு அவருடைய தாலிக்கொடி கிடந்த இடத்தில், கழுத்தில் நூலில் தொங்கியது. நேற்று எங்கே போனனீர், நிலாவெளிக்குப் போய் வர ஏன் இவ்வளவு நேரம், அங்காலேயும் போனனீரோ என்றெல்லாம் கேட்டார். முன்னொரு நாளும் இப்படிக் கேட்டதில்லை. குற்றம் செய்தவருக்குத்தான் மற்றவரின் நடமாட்டம் முக்கியம் என்று நினைத்துக்கொண்டேன். நானும் பதிலை அளந்து சொன்னேன். என் பதில் அளவாக வந்ததை அவரும் கவனித்தார் என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது.

ஒரு காலையில் அவர் குசினியில் மல்லி வறுத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று, சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

“இந்த முறை வெந்தயம் கூட்டிப் போட்டனீங்களோ மச்சாள்?”

அகப்பை நின்றது. “நான் கூட்டிப் போட்டதை நீர் எங்க சாப்பிட்டனீர்?”

ஒரு ஆள் போன் எடுத்துச் சொன்னதாகச் சொன்னேன். எந்த ஊர் ஆள் என்று கேட்டார். புல்மோட்டை என்றதும் அடுப்பைத் தணித்துவிட்டு அறைக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் போன் இருந்தது. திரையில் ஒரு தூள் பக்கற்றின் படம். குச்சவெளியிலிருந்து மகள் அனுப்பியது. புல்மோட்டைக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி வந்த பக்கற்றாம்.

“இது ஆற்ர கையெழுத்து?”

என்னுடையது. கோட்டுக்குக் கீழே இறங்கி வலப்பக்கம் சுழித்த அந்த றகரத்தை உலகத்தில் வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. மேலே கொம்பு முறிந்த மான். கீழே நான் விரலால் போட்ட என் இலக்கம். எங்கள் முதலெழுத்துகள் இருந்த இடத்தில் மட்டும் வேறு எழுத்துகள் இருந்தன. நான் ஒரு நாளும் பார்த்திராத பக்கற்றில் என் கை இருந்தது. கனவில் எழுந்து நடக்கிறேனோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அந்தப் படம் அவருக்கு வந்து ஒரு கிழமைக்கு மேல் ஆகியிருந்தது. அவ்வளவு நாளும் அவர் அதை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்திருக்கிறார். நான் அவரைப் பார்த்ததுபோலவே.

“வேற ஆளிட்டத் தூள் எடுத்து விக்கிறது எண்டா, என்னட்டைச் சொல்லிப்போட்டுச் செய்திருக்கலாம்,” என்றார். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

இதையே நான் உங்களிடம் கேட்க வந்தேன் என்றேன். லேபல் அச்சடிப்பது உங்கள் வீட்டில்தானே என்றேன். குச்சவெளிக்குக் கொண்டுபோகும் பைகளைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“அச்சு என்ர வீட்டில. கை உம்மட.”

மல்லி கருகும் மணம் வந்தது. இருவரும் அடுப்பை அணைக்கப் போகவில்லை.

புல்மோட்டைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் சொன்னேன். தனியப் போய் என்னத்தைச் சரிக்கட்டப் போகிறீர் என்று கேட்டார். அப்படியென்றால் நீங்கள் போங்கள் என்றேன். சொன்ன கையோடு, அவர் போய் என்னத்தைச் சரிக்கட்டுவார் என்று எனக்கும் தோன்றியது. கடைசியில் இரண்டு பேரும் போவது என்று முடிவாகியது. ஒருவரை ஒருவர் நம்பாததால்தான் அந்தப் பயணம் சேர்ந்து நடந்தது. புறப்படும்போது கணவர் என்னைத் தனியே கூப்பிட்டு, போனவுடன் லேபல் கதையை எடுக்காதே, முதலில் ஒரு பக்கற்றைக் காசு கொடுத்து வாங்கு, பொருள் கையில் இருந்தால்தான் பேச்சு எடுபடும் என்றார். அதையே அக்காவிடமும் தனியே கூப்பிட்டுச் சொன்னார் என்பது பிறகுதான் தெரியவந்தது.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தோம், வேறு இருக்கை இல்லை. மச்சாள் யன்னல் பக்கம். நிலாவெளி உப்பளங்கள் போயின. பாலங்கள் போயின. குச்சவெளியில் பஸ் நின்றபோது அவர் மகள் வீட்டுப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நான் கவனித்துக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியும். நான் யாருக்காவது போன் எடுக்கிறேனா என்று அவரும் கவனித்துக்கொண்டு வந்தார். என் போன் ஒருமுறை அதிர்ந்தது. மகள்தான். எடுத்துக் கதைக்காமல் பைக்குள் போட்டேன். எடுத்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும். எடுக்காதது மச்சாளுக்கு இன்னும் மோசமாகத் தெரிந்திருக்கும்.

புல்மோட்டைச் சந்தியில் இறங்கி மூன்றாவது கடையிலேயே எங்கள் மான் தொங்கியது. சின்னப் பக்கற்றுகளாகக் கோர்த்துத் தூக்கியிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பக்கற் கேட்டோம். கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். ஒரே பொருளை இரண்டு பெண்கள் தனித்தனியாக வாங்கி, பிரிக்காமல், வெளிச்சத்தில் பிடித்து லேபலைப் படிப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது. சுகாதாரப் பகுதியா என்று கேட்டார். இல்லை, இதைச் செய்கிறவரைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் நம்பவில்லை. தூளில் ஏதும் பிழை இருந்தால் தனக்குத் தெரியாது, கொண்டுவந்து தந்ததைத் தொங்கவிட்டதுதான் என்று சொல்லிவிட்டு, பள்ளிவாசலுக்குப் பின்பக்க ஒழுங்கையைக் காட்டினார்.

வேலிக்குள் ஒரு இளம்பெண் வெயிலில் மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் கையில் பக்கற்றுகளைக் கண்டதும் எழுந்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, படலையைத் திறக்காமலே நின்றாள்.

“எந்தக் கந்தோரில இருந்து வாறீங்க?”

கந்தோர் இல்லை, தூள் செய்கிறவர்கள் என்றேன். இந்த லேபல் எங்களுடையது என்றும் சொன்னேன். அவள் முகம் மாறியது. ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. பிடிபட்டவளின் முகம் அல்ல அது. யாரோ ஏமாற்ற வந்திருக்கிறார்கள் என்று உஷாரான முகம். உள்ளே போய்ப் போனை எடுத்து வந்து, படலைக்கு மேலால் நீட்டிப் பிடித்தாள். எங்கள் கைக்கு எட்டாத தூரத்தில் பிடித்தாள்.

அதே செயலி. நாங்கள் ஒரு நாளும் திறந்து பார்க்காத ஒரு பக்கம். உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் செய்த லேபல்கள் அதில் வரிசையாக இருந்தன. சவர்க்காரம், தேன், ஊறுகாய், பிறந்தநாள் வாழ்த்து. நடுவே எங்கள் மான். தொட்டால் திறக்கும். பேரை மாற்றி யாரும் அச்சடிக்கலாம்.

“இது அப்போட வாறதுதானே. நீங்களும் இதிலதானே எடுத்த? டவுனில இருந்து வந்து, எல்லாம் எங்கடது எண்டு சொன்னா நாங்க நம்புறதா?”

நான் வரைந்தது என்று சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. அந்தப் படத்தின் கீழே என் பேர் இல்லை. எங்கேயோ இருக்கும் ஒரு கம்பனியின் அடையாளம்தான் மூலையில் இருந்தது. நான் திருடி, அவள் சொந்தக்காரி என்பதுபோல வெயிலில் நின்றேன். பக்கத்தில் மச்சாள் என்னையும் அந்தத் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் இன்னும் எந்தப் பக்கம் என்று முடிவெடுக்கவில்லை என்று எனக்குப் பட்டது.

பிறகு மச்சாள்தான் சொன்னார். “இவவை எழுதச் சொல்லிப் பாரும் பிள்ளை.”

அந்தப் பெண் யோசித்தாள். தன் போனைத் தர மனம் வரவில்லை. என் போனில் எழுதச் சொன்னாள். விரலால் வரையும் பக்கத்தைத் திறந்து, படலையின் மேல் சட்டத்தில் போனை வைத்து, ‘கறித்தூள்’ என்று எழுதினேன். றகரம் எப்போதும்போலக் கோட்டுக்குக் கீழே இறங்கி, வலப்பக்கம் சுழித்து நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். தன் பக்கற்றைப் பார்த்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மச்சாளும் குனிந்து பார்த்தார். அவரும் அதை உறுதி செய்துகொள்ளத்தான் வந்திருந்தார் என்று நினைக்கிறேன்.

படலை திறந்தது.

உள்ளே கதிரை எடுத்துப் போட்டாள். புருஷன் கடலுக்குப் போகிறவர், தொழில் இல்லாத மாதங்களுக்கு உதவும் என்று அக்கம்பக்கத்துக்குத் தூள் செய்கிறாள். அவளுடைய தம்பி எங்கேயோ வாங்கிக் கொடுத்த பிரின்டர். செயலியில் கிடந்த தமிழ் லேபல்களில் எழுத்து உடையாமல் இருந்தது இது ஒன்றுதானாம். அதனால் எடுத்தாளாம். அதைக் கேட்க எனக்குக் கோபமும் வந்தது, ஒரு சின்னப் பெருமையும் வந்தது.

அந்த இலக்கத்தை ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். அது அழிபடவில்லை, படத்தோடு படமாக இருந்தது என்றாள். அதோடு, அது முறைப்பாட்டுக் கந்தோரின் இலக்கம் என்று நினைத்திருக்கிறாள். எல்லாச் சாமானிலும் அப்படி ஒன்று இருக்கத்தானே வேண்டும்.

“சரியான நம்பரா எண்டு ஒருக்கா அடிச்சும் பார்த்த நான். ஒரு ஐயா எடுத்து, யாரு, எங்க இருந்து கதைக்கிற, என்ன விசயம், முழுப் பேரைச் சொல்லு எண்டார். பயத்தில வச்சிட்டன். கந்தோர்தான் எண்டு விளங்கிச்சு.”

மச்சாள் என்னைப் பார்த்தார். அந்த வீட்டுக்குள் வந்த பிறகு முதல் தரமாக நேராகப் பார்த்தார். “அவன்தான்,” என்றார். நான் குளிக்கப் போயிருந்த ஏதோ ஒரு நேரத்தில் என் கணவர் போனை எடுத்து, வாயிற்கதவில் நிற்கிறவரிடம் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறார். என்னிடம் அதைச் சொல்லவும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெண்ணுக்கு வரவில்லை. சிரிக்கிறார்கள் என்றால் ஏதோ இருக்கிறது என்பதுபோலப் பார்த்தாள். விளங்கப்படுத்திய பிறகுதான் அவளும் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

பிளேன்ரீ வந்தது. மச்சாள் அவளுடைய தூளில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். வெந்தயம் கருகிப்போச்சு என்று மட்டும் சொன்னார். நீங்கள் என்னென்ன போடுவீர்கள் என்று அவள் ஆவலாகக் கேட்டாள். மச்சாள் ஒன்றொன்றாகச் சொன்னார். நான் தேநீரைக் குடித்துக்கொண்டு கேட்டிருந்தேன். சொன்னதில் கறிவேப்பிலையும் இல்லை, கடைசியில் போடும் அந்தக் கொஞ்சப் பச்சை அரிசியும் இல்லை. அளவுகளும் எங்கள் அளவு இல்லை. அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். ஆனால் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. நம்பவில்லை போலும்.

ஒட்டிமுடிந்த பக்கற்றுகளில் என் இலக்கத்தை மாக்கர் பேனையால் கறுப்படிப்பதாகவும், இனி அந்த லேபலை எடுக்கமாட்டேன் என்றும் சொன்னாள். சொன்னபடி செய்தாள் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கமிருந்து பிறகு முறைப்பாடு வரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மகளுக்குப் போன் எடுத்தேன். மச்சாளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன். சேமிக்கும் பக்கத்தில் கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதில் சரி போட்டிருந்தால் எல்லாருக்கும் போய்விடும் என்றாள். தேடிப் பார்த்தோம். சரி போட்டிருந்தது. எடுத்துவிட்டேன். அது முதலிலேயே போட்டபடிதான் வரும், யாரும் போட்டிருக்க மாட்டீர்கள் என்று மகள் சொன்னாள்.

“நான் அதைத் தொடேல்ல,” என்றார் மச்சாள்.

நானும் தொடவில்லை என்றேன். பச்சைப் பொத்தானைப் பற்றி இருவரும் பேசவில்லை. மகள் சொன்னதை நான் பாதி நம்பினேன். மச்சாள் எவ்வளவு நம்பினார் என்று தெரியாது. யன்னல் கம்பியைப் பிடித்தபடி உப்பளத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். குச்சவெளியில் பஸ் நின்றபோது மட்டும் எழுந்து, மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன், நீர் போம் என்று சொல்லி இறங்கிவிட்டார். கையில் பை இல்லை. நான் பார்த்தேன்.

இதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தூள் நிற்கவில்லை. கடைகள் கேட்டுக்கொண்டிருந்தன. ஆனால் கொஞ்சக் காலம் நாங்கள் தேவைக்கு மட்டும் கதைத்தோம். செயலியில் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொண்டோம். மானை நாங்கள் விட்டுவிட்டோம். அது ஊருக்கெல்லாம் போய்விட்ட மான் என்றார் மச்சாள். அதில் அவருக்கு என் மேல் இன்னும் கொஞ்சம் கோபம் இருந்தது. புது லேபலில் படம் இல்லை, தன்னுடைய இலக்கத்தைத்தான் போட வேண்டும் என்று அவர் சொன்னார். போட்டேன். ஸ்டிக்கர் றோல் மட்டும் மெல்ல அலுமாரியிலிருந்து மறுபடி மேசைக்கு வந்தது. எந்த நாளில் வந்தது என்று நான் கவனிக்கவில்லை. அதைக் கவனிக்காமல் விட்டேன் என்பதே எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மழைக்காலம் முடிந்த பிறகு அந்தப் புல்மோட்டைப் பெண் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெரியாஸ்பத்திரிக்குக் கிளினிக் வந்தவள், விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரு பொதி நெத்தலிக் கருவாடு கொண்டுவந்தாள். மச்சாளும் அப்போது எங்கள் வீட்டில் இருந்தார். பேசிக்கொண்டிருந்துவிட்டு, எழும்பப் போகும் நேரத்தில் போனை எடுத்தாள். புது லேபல் செய்திருக்கிறாளாம். தானே ஒரு பாய்மரத் தோணி வரைந்திருந்தாள், நன்றாகவே இருந்தது. ஆனால் எழுத்துத்தான் வரவில்லையாம். தட்டினால் உடைகிறது, கையால் எழுதினால் கோணுகிறது.

“அக்கா, நீங்க ஒருக்கா எழுதித் தாறீங்களா? அந்த ஒரு சொல்லு மட்டும்.”

இந்தத் தடவை அவள் தன் போனை என் கையிலேயே தந்தாள். நான் மச்சாளைப் பார்த்தேன். அவர் கருவாட்டுப் பொதியை மணந்து பார்த்துக்கொண்டிருந்தார். சேமிக்கும் பக்கத்துக்குப் போய், கீழே இருக்கும் அந்தச் சின்னக் கட்டத்தை முதலில் பார்த்தேன். சரி போட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, வரையும் பக்கத்துக்கு வந்து, மெதுவாக எழுதினேன். ககரம் வழக்கம்போல. றகரத்தில் மட்டும் விரலை வலப்பக்கம் போகவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தபடி கீழே இறக்கி இடப்பக்கம் வளைத்து முடித்தேன். பிறகு எங்கேயாவது ஒரு பக்கற்றைக் கண்டால், இது அவளுக்கு நான் கொடுத்த றகரமா, எங்களுடையதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

வடிவாயிருக்கு என்று சொல்லி அவள் போனை வாங்கிக்கொண்டாள். படலை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

“றானாவை மாத்திப்போட்டீர்,” என்றார் மச்சாள்.

“ஓம்,” என்றேன்.

அவர் நெத்தலியில் பாதியை ஒரு பேப்பரில் சுற்றிக்கொண்டு, மீதியை என் பக்கம் தள்ளிவிட்டு, அடுப்பில் மல்லி போட நேரமாகிறது என்று எழுந்தார்.